அப்பத்தா எடுத்து வைக்காத கல்

தட்டுப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் கடைக்கு ஓடுகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது வழக்கமாகிவிட்டது. செய்தி வாசிப்பவர் திட்டுகிறார், அதிகாரி திட்டுகிறார், வரிசையில் முன்னால் நிற்பவரைப் பின்னால் நிற்பவர் திட்டுகிறார். எனக்கு அந்தத் திட்டு ஒருநாளும் மனசுக்கு ஒப்பியதில்லை. 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 அமலுக்கு வருகிறது என்று அறிவித்திருந்தார்கள். அன்று மத்தியானம் காரைக்குடியில் ஒரு மருந்துக் கடை வாசலில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க நின்றேன். சானிடைசர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் முதுகில் ‘காய்ச்சல் மாத்திரை இல்லை’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் வயசான ஒரு ஆச்சி. பிரஷர் மாத்திரை மூன்று மாசத்துக்கு வேண்டும் என்றார். கடைக்காரத் தம்பி பொறுமையாகச் சொன்னார்: “ஆச்சி, ஆளுக்கு ரெண்டு அட்டைதான். பின்னால நிக்கிறவுகளுக்கும் குடுக்கணும்ல?” ஆச்சி கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. “சரிப்பா. அது தீர்ந்து நான் வர்றப்ப உன் கடையில இந்த மாத்திரை இருக்கும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு. நான் ஒரு அட்டையோடயே போறேன்” என்றார். அந்தத் தம்பி எழுதித் தரவில்லை. அவரால் முடியாது. மதுரையிலிருந்து வண்டி வருமா என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த ஆச்சி கேட்டது மாத்திரையை இல்லை, ஒரு உறுதியை. இந்த எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. வாங்கிக் குவிக்கிறவர் மீது நாம் காட்டும் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று தோன்றியது. ஒரு சிற்றூர்க் கடையின் தட்டில் சில நாள் சரக்குதான் இருக்கும். இன்று விற்றதை நாளை மொத்தக் கடையிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் ஓடுகிற வியாபாரம் அது. ஊரில் உள்ள ஒவ்வொரு வீடும் வழக்கத்தைவிட ஒரே ஒரு அட்டை கூடுதலாக வாங்கினாலே தட்டு காலியாகிவிடும். யாரும் பேராசைப்பட வேண்டியதே இல்லை. அதே வருஷம் ஏப்ரல் 24 அன்று சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை மார்க்கெட்டுகளில் கூடிய கூட்டத்தை எல்லோரும் டிவியில் பார்த்தோம். காய்கறி விளைச்சல் அந்த ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. நாளைக்குக் கடை திறக்காது என்று அரசாங்கமே சொன்னபிறகு இன்றைக்கு வாங்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று எந்தக் குடும்பத்துக்கும் புரியவைக்க முடியாது.

காய்ச்சல் மாத்திரை ஏன் இல்லை என்பதற்கு வேறு காரணம் இருந்தது. அந்த மார்ச் 3-ஆம் தேதியே பாராசிட்டமால் உட்பட 26 மருந்து மூலப்பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டிருந்தது மத்திய அரசு. உலகத்துக்கே மாத்திரை செய்து அனுப்பும் நாடு, தனக்கே இல்லாமல் போய்விடுமோ என்று அஞ்சியது. நம் மருந்து ஆலைகள் இறக்குமதி செய்யும் மூலப்பொருளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீனத்திலிருந்து வருகிறது. மாத்திரையாக அழுத்துவதும் அட்டையில் அடைப்பதும் இங்கே. உள்ளே இருக்கும் மருந்துக்கு ஆதாரமான பொடி அங்கே. வூஹானும் அதைச் சுற்றிய மாகாணமும் மூடியதும் இங்கே காரைக்குடியில் ஒரு அட்டைப்பெட்டி கிழிபட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் பயம் போய்விடுமா? அதுவும் அவ்வளவு நேரானதாக எனக்குத் தெரியவில்லை. 2016 நவம்பரில், பணமதிப்பிழப்பு அறிவித்த அதே வாரத்தில், உப்பு கிடைக்காமல் போகப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் ஜனங்கள் இரவோடு இரவாகக் கடைகளில் குவிந்தார்கள். உப்பு! குஜராத்திலும் நம் தூத்துக்குடியிலும் வெயிலும் கடலும் இருக்கும்வரை விளையக்கூடிய பொருள். உள்நாட்டிலேயே மலைமலையாகக் கிடந்தும் பயம் வந்தது. உப்பளத்தைப் பார்த்தறியாத ஊரில் உப்பு என்பது பாக்கெட்டில் வருகிற ஒன்று. பாக்கெட் நின்றால் உப்பு நின்றது என்றுதான் அங்கே அர்த்தம்.

2023-இல் நாமே எதிர்ப்பக்கம் நின்றோம். ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. உலகச் சந்தைக்குப் போகும் அரிசியில் ஏறத்தாழ 40 சதவீதம் நம்முடையது. ஓரிரு நாளில் அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகள் பேசினாள். அங்கே இந்தியக் கடைகளில் அரிசி மூட்டைக்கு அடிதடி, ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று போர்டு மாட்டிவிட்டார்கள் என்றாள். நம் இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் புழுங்கலரிசி அந்தத் தடையில் வரவே இல்லை. ஆனாலும் அதையும் சேர்த்து அள்ளினார்கள். ‘அண்ணே, இங்க ஊர்ல இருந்து எப்ப வரும், வருமான்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க’ என்றாள். மருந்துக் கடை ஆச்சி கேட்ட அதே சீட்டு. இந்தத் தடவை எழுதித் தராதவர்கள் நாம்.

உள்ளறைச் சாமான்

எங்கள் ஊர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒன்று எங்கள் பங்குக்கு உரியது. அப்பத்தா போனபிறகு அதைத் திறந்து தூசி தட்டியதோடு சரி. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக் கணக்குப் பார்த்ததில்லை. ஊரடங்கெல்லாம் ஓய்ந்தபின் பங்காளிகள் கூடி, கரையான் ஏறுவதற்குள் ஒழித்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். சீராக வந்த பித்தளை, எவர்சில்வர் அடுக்குகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அது கௌரவக் கணக்கு, டஜன் டஜனாக வாங்கி, பட்டியல் எழுதி, பெயர் வெட்டி வைப்பது. செட்டிநாட்டு வீடுகளில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். அதற்குப் பின்னால், மூலையில், மரப்பெட்டிகளில் இருந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்பத்தாவின் சொந்தச் சேமிப்பு அது. கல்லாக இறுகிப்போன துணி சோப்புக் கட்டிகள். மூடியை ஈயம் வைத்து அடைத்த மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று, காலியாக. வைக்கோலுக்குள் வைத்த மங்குத் தட்டுகள், அடியில் ஜப்பான் முத்திரை. ஸ்வீடனில் செய்த எனாமல் அடுக்கு, ஒரு முறைகூடப் புழங்காதது. நாலாக மடித்த மல் துணி, மடிப்பில் தொட்டால் பொடியாகிறது. கறுப்புத் தாளில் சுற்றிய தையல் ஊசிப் பொட்டலங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகத் துருவேறி ஒரே இரும்புத் துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஊசிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குடும்பம் ஊசியைப் பூட்டி வைக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தைப் பற்றி அப்பத்தா சொன்னதில் எனக்கு நினைவிருப்பது “கப்பல் நின்னு போச்சு” என்ற வார்த்தைதான். 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. விலை வீழ்ச்சியில் கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம் அது. அந்த வயல்களின் அரிசிதான் ரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னை மாகாணத்தின் பசியில் ஒரு பகுதியை ஆற்றியது. தேக்கும் அங்கிருந்துதான். சுவரில் ஒட்டிய பூப்போட்ட ஓடு ஜப்பானிலிருந்து, உத்தரம் தாங்கும் இரும்பு இங்கிலாந்திலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. உலகப் போரில் 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததும் அத்தனையும் நின்றது. ஆட்கள் காட்டுவழியே நடந்து வந்தார்கள், சிலர் வந்து சேரவில்லை. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் கண்ட்ரோல் வந்தது. கண்ட்ரோல் வந்ததும் பதுக்கல் வந்தது. சென்னை மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை 1952-இல் ராஜாஜி எடுத்துவிட்டபோது பஞ்சம் வந்துவிடும் என்று பயந்தவர்கள் அதிகம். பயந்தபடி நடக்கவில்லை, அதுவரை கண்ணில் படாதிருந்த நெல் வெளியே வந்தது. ஆனால் அப்பத்தாவின் பெட்டிகள் அதற்குப் பிறகும் திறக்கப்படவில்லை. ஒரு தடவை கப்பல் நின்றதைப் பார்த்தவர் சாகும்வரை அடுத்த தடவைக்குத் தயாராகவே இருந்தார்.

மழை குறைந்த பூமி இது. ஊருணியில் தண்ணீரைத் தேக்குவதும், முற்றத்துக் கூரையில் விழும் மழையை அண்டாவில் பிடிப்பதும், நெல்லைப் பத்தாயத்தில் போடுவதும், வற்றலும் வடகமும் காயவைத்து ஜாடியில் அடைப்பதும் எங்களுக்குப் பழக்கம். அதைப் பயம் என்று சொல்ல மாட்டேன். வெயில் காலம் வரும் என்று தெரிந்து அதற்குச் சேர்ப்பது அது. அந்த மரப்பெட்டிகளில் இருந்தது வேறு. எப்போது நிற்கும், எப்போது வரும் என்று தெரியாதவற்றை அங்கே போட்டிருந்தார். பெட்டி பெட்டியாகப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. அப்பத்தா கப்பலில் வந்ததை மட்டுமே பூட்டி வைத்திருந்தார்.

இது எனக்கு அந்த அறையில் உட்கார்ந்தபோது தோன்றவில்லை. ஒரு கல் உடைந்ததால் தோன்றியது. இரண்டு பேர் தூக்கிவந்த அண்டா கை நழுவி வளவுத் தாழ்வாரத்தில் விழுந்தது. தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிப் பூக்கல் ஒன்று நடுவில் பிளந்துவிட்டது. காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூப்போட்ட தரைக்கல் அது. செம்மண் நிறத்தில் பூ, சுற்றிக் கறுப்புக் கோடு, மஞ்சள் மூலைகள். வேறு கல் எங்காவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று வீடு முழுக்கத் தேடினோம். ஊசியைக்கூடப் பூட்டி வைத்த வீட்டில் ஒரு பூக்கல்கூட மிச்சம் எடுத்து வைக்கவில்லை.

ஆத்தங்குடியில்

உடைந்த கல்லின் இரண்டு பாதியையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். பெரிய கடைகளைத் தாண்டி, ஓட்டுக் கொட்டகை ஒன்றில் வயசானவர் ஒருவரும் அவருக்குக் கை உதவியாக இரண்டு பெண்களும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர் கல்லை வாங்கி, கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்து நிறம் பார்த்தார். “நம்ம ஊருக் கல்லுதான். எங்க ஐயா காலத்து வேலை” என்றார். சுவரோரம் ஆணியில் வரிசையாக மாட்டியிருந்த தகட்டு அச்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசியைத் தட்டி, உடைந்த கல்லின் மேல் வைத்தார். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

அதன்பிறகு அவர் செய்ததை அங்கேயே நின்று பார்த்தேன். ஒரு கண்ணாடிச் சதுரத்தைத் துடைத்துத் தரையில் வைத்தார். அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் அச்சு. சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் தண்ணீரில் கரைத்து வைத்த சட்டிகள் பக்கத்தில். சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறைக்குள்ளும் அதற்கான நிறத்தை ஊற்றினார். இதழுக்குச் சிவப்பு, மூலைக்கு மஞ்சள், கோட்டுக்குக் கறுப்பு. ஒரு சொட்டுக்கூடப் பக்கத்து அறைக்குத் தாண்டவில்லை. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேர் மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கலங்காமல் நின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைக் கைநிறைய அள்ளித் தூவினார், அது ஈரத்தை உறிஞ்சி இறுகியது. கடைசியில் ஈரக்கலவையை நிரப்பிக் கரணையால் மட்டம் தட்டினார். அன்று அது காயும், அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், மறுபடி வெயில் காணும், கண்ணாடி தானே கழன்றுவிடும் என்றார். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது.

எனக்கு வேண்டியது ஒரு கல். அவர் நாலைந்து ஊற்றினார். பழைய தரையின் நிறம் ஒரே தடவையில் அமையாது, பார்த்து எடுக்கணும் என்றார். “அப்படின்னா எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன் ஐயா, நாளைக்கு இன்னொண்ணு உடைஞ்சா வேணும்ல” என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். “எதுக்குத் தம்பி? வீட்டுல அடுக்குனா தூசிதான் சேரும். அச்சு எங்கிட்ட கெடக்கு. அச்சு இருந்தா கல்லு எப்ப வேணும்னாலும் வரும்.” சொல்லிவிட்டுக் கரணையைத் தண்ணீரில் முக்கிக் கழுவினார். கொஞ்சம் கழித்து, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், “நாங்க இருக்கற வரைக்கும்” என்றார்.

எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது அங்கே ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தது. அப்பத்தா பூக்கல்லைச் சேர்த்து வைக்காததற்குக் காரணம், அவருக்கு அந்தப் பொருளில் பயம் இல்லை. கண்மாயைத் தாண்டினால் அதை ஊற்றுகிறவர் இருக்கிறார், அவர் பெயர் தெரியும், அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதியிருக்கிறார். மருந்துக் கடை ஆச்சி கேட்ட சீட்டு இந்த ஒரு பொருளுக்கு எழுதாமலேயே அப்பத்தாவிடம் இருந்தது. உள்நாட்டு உற்பத்தி என்று நாம் பேசும்போது எத்தனை கோடிக்குச் சரக்கு விற்றோம் என்றே கணக்குப் பார்க்கிறோம். அச்சு யாரிடம் இருக்கிறது, அதைத் தூக்கத் தெரிந்த கை எத்தனை இருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை.

ஆத்தங்குடியைக் கோயில் மாதிரி வைத்துப் பேசவும் நான் தயாரில்லை. அந்தக் கொட்டகையிலும் வெளியிலிருந்து வருகிற பொருள் உண்டு. வெள்ளை சிமெண்ட் ராஜஸ்தான் பக்கமிருந்து வருகிறது. கண்ணாடி எங்கோ ஆலையில் செய்தது. நிறப்பொடி மூட்டையிலும் வெளியூர் முத்திரைதான். ஊரடங்கில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஆள் வர முடியாததால் நின்றது, விட்டதும் மறுநாளே ஊற்ற ஆரம்பித்தோம் என்றார். கையில் இருந்த பொடியும் சிமெண்டும் போதுமாயிருந்தது. அவர் சேர்த்து வைத்திருந்தது செய்யத் தேவையான பொருளை. காரைக்குடியில் இன்று எழும்பும் புது வீடுகளில் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸ்தான். நாட்டின் பீங்கான் டைல்ஸில் பெரும்பகுதி அந்த ஒரு ஊரிலிருந்து வருகிறது. அதுவும் உள்நாட்டு உற்பத்தியே, மலிவு, வேகம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2022-இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறியபோது, ஆகஸ்டில் மோர்பி ஆலைகள் ஒரு மாதத்துக்குச் சூளையை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. ‘இந்தியாவில் செய்தது’ என்ற முத்திரைக்குப் பின்னால் எந்தக் கப்பல் நிற்கிறது என்று பார்க்காமல் நிம்மதி அடைய முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சிக்ரிக்குள் இருந்த அச்சு

இனி நான் சொல்ல வந்த இடம். காரைக்குடிக்காரர்கள் எல்லோருக்கும் சிக்ரி தெரியும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். கப்பல் நின்ற நினைவு ஆறாத ஒரு ஊர் தன் பணத்தைக் கொட்டி, செய்முறையைக் கற்கும் இடம் ஒன்றைக் கட்டிக்கொண்டது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

பாராசிட்டமால் செய்யத் தேவையான முக்கிய மூலப்பொருள் பாரா அமினோஃபீனால். நம் ஆலைகள் பெரும்பாலும் சீனத்திலிருந்து வாங்கியது அதைத்தான். கிழித்த அட்டைப்பெட்டியில் ‘காய்ச்சல் மாத்திரை இல்லை’ என்று எழுதப்பட்டதற்குப் பின்னால் இருந்த பொடிகளில் அதுவும் ஒன்று. 1960-களிலேயே சிக்ரியில் எச்.வி.கே. உடுபாவும் அவருடன் இருந்தவர்களும் நைட்ரோபென்சீனில் மின்சாரம் பாய்ச்சிப் பாரா அமினோஃபீனால் தயாரிக்கும் முறையை ஆய்ந்து, 1967-இல் சர்வதேச மின்வேதியியல் இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். இதை அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மருந்துக் கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் சிக்ரி வளாகம். அந்த வழிதான் மலிவானது, அதைச் செய்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய அளவில் செய்ய வேறு வழிகளும் உண்டு, செலவுக் கணக்கு வேறு. ஆனால் ஊருக்குள்ளேயே ஒரு அச்சு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊற்றச் சொல்லி யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை.

பென்சிலின் கதை இதைவிட வருத்தமானது. விடுதலை பெற்ற சில வருஷங்களில் புனேவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் அரசாங்கமே ஆலை கட்டி, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, பென்சிலின் செய்தோம். தனியாரும் செய்தார்கள். பின்னால் சீனத்துச் சரக்கு மலிவாக வந்து குவிய, ஒவ்வொன்றாக நிறுத்தினோம். நிறுத்தும்போது யாருக்கும் வலிக்கவில்லை, மாத்திரை விலை குறைந்தது. நொதிக்கவைக்கும் தொட்டியைப் பக்குவமாக ஓட்டத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். 2020 மார்ச்சில் மருந்து மூலப்பொருள்களுக்கென்று 6,940 கோடி ரூபாயில் ஊக்கத் திட்டம் அறிவித்தார்கள். பென்சிலின்-ஜி அதில் இருந்தது, பாரா அமினோஃபீனாலும் இருந்தது. ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம் பென்சிலின் ஆலை 2024-இல் ஓடத் தொடங்கியது. விட்டதைப் பிடிக்க ஏறத்தாழ ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இங்கே ஆலை ஓடத் தொடங்கியதும் சீனத்துச் சரக்கின் விலை இறங்கியது. முன்பு நடந்ததே மறுபடி நடக்கப் பார்க்கிறது.

பேட்டரியிலும் அதே நிலைதான். 2018-இல் சிக்ரி லித்தியம் அயான் செல் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனத்துக்குத் தர ஒப்பந்தம் போட்டபோது எங்கள் ஊரே பெருமைப்பட்டது. இன்று காரைக்குடித் தெருக்களில் ஓடுகிற மின்சார ஸ்கூட்டர்களுக்குள் இருக்கும் செல்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. 2025 ஏப்ரலில் சீனம் அருமண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது, மோட்டாருக்குள் இருக்கும் சின்னக் காந்தத்துக்காக நம் வண்டித் தொழிற்சாலைகள் தவித்தன. அருமண் தாது கலந்த மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. மணல் நம்முடையது, அதைக் காந்தமாக்கும் கை நம்மிடம் போதவில்லை.

கூடுதல் விலையை யார் கொடுப்பது

இதையெல்லாம் பேசினால் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்வி: மலிவாகக் கிடைக்கும்போது கூட விலை கொடுத்து இங்கே எதற்குச் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. ஏழை வீட்டில் மாத்திரை விலை இரண்டு ரூபாய் ஏறினால் அது இரண்டு ரூபாய்தான், தேசபக்தியால் அதை ஈடுகட்ட முடியாது. எல்லாப் பொருளையும் எல்லா ஊரிலும் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பொம்மையும் பிளாஸ்டிக் வாளியும் எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கவலை இல்லை, ஒரு வருஷம் வராவிட்டால் யாரும் சாகமாட்டார்கள். நின்றால் உயிர் போகிற பொருள்கள் கொஞ்சம்தான். அவற்றில்கூட முழுத்தேவையையும் இங்கே செய்யத் தேவையில்லை. ஒரு பங்கு இங்கே ஓடிக்கொண்டிருந்தால் போதும், அச்சும் கையும் உயிரோடு இருக்கும். கப்பல் நின்றால் அந்த ஒரு பங்கை இரண்டாக, மூன்றாக விரிக்க முடியும். எதுவுமே இல்லாத இடத்தில் எதை விரிப்பது?

அதற்கான விலையைக் கடையில் தனித்தனியாக ஜனங்கள் தலையில் போட முடியாது. ஊக்கத்தொகை கொடுத்து ஆலையைக் கட்ட வைப்பதும் பாதி வேலைதான், கட்டியபின் வாங்குகிறவர் வேண்டும். ஆத்தங்குடியில் அந்தப் பெரியவரின் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். நாளைக்கு ஆர்டர் இருக்கும் என்று யாராவது உறுதி சொல்லியிருந்தால் ஒருவராவது நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். செய்கிறவருக்கும் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டியிருக்கிறது.

அதை எழுதித் தரக்கூடிய ஒரு கை தமிழ்நாட்டில் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது. அந்த டெண்டரில், நின்றால் உயிர் போகிற சில மருந்துகளுக்கு மட்டும், கொள்முதலில் ஒரு பங்கை மூலப்பொருளிலிருந்து மாத்திரை வரை இங்கேயே செய்தவர்களுக்கு என்று ஒதுக்கலாம். பல வருஷத்துக்கான ஒப்பந்தமாக, கொஞ்சம் கூடுதல் விலையில். அந்தக் கூடுதல் செலவு நோயாளியின் பையிலிருந்து போகாது, நம் எல்லோருடைய வரியிலிருந்து போகும். ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் இதை நான் கேட்கத்தான் போகிறேன். எந்த மருந்தில் தொடங்குவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் காய்ச்சல் மாத்திரையைச் சொல்வேன், பாரா அமினோஃபீனாலில் இருந்து.